கிரகணத்தைத் துரத்திய மனிதர்

குட்டீஸ், இரண்டே நிமிடம் நடக்கும் ஒரு காட்சியைப் பார்க்க நீங்கள் எவ்வளவு தூரம் போவீர்கள்? பக்கத்துத் தெரு வரைக்கும்? பக்கத்து ஊர் வரைக்கும்?

ஒருவர் அதற்காகக் கடல் கடந்து போனார். எதிரிகள் சுற்றி வளைத்த நகரத்திலிருந்து பலூனில் ஏறிப் பறந்தார். ஒருமுறை நம்முடைய நீலகிரி மலைக்கே வந்து சேர்ந்தார். இத்தனைக்கும் அவரால் சரியாக நடக்க முடியாது. சிறு வயதிலிருந்தே கால் ஊனம்!

அவர் பெயர் பியர் ஜூல்ஸ் ஜான்சென். பிரான்ஸ் நாட்டு வானியல் அறிஞர். அவர் துரத்தித் துரத்திப் பார்த்த காட்சி, முழு சூரிய கிரகணம்.

பள்ளிக்குப் போகாத சிறுவன்

1824-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார் ஜான்சென். அவருடைய அப்பா ஓர் இசைக் கலைஞர். குழந்தையாக இருந்தபோது, பார்த்துக்கொள்ள வைத்திருந்த தாதியின் கவனக்குறைவால் ஒரு விபத்து நடந்தது. அதில் காலில் அடிபட்டது. வாழ்நாள் முழுவதும் அவர் நொண்டியபடிதான் நடந்தார். அதனால் மற்றப் பிள்ளைகளைப் போல அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

வீட்டில் பண வசதியும் இல்லை. இளம் வயதிலேயே ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் கணக்குப் புத்தகம். வேலை முடிந்த பிறகு பாடப் புத்தகம். இப்படியே படித்து, தம்முடைய 25-வது வயதில்தான் பள்ளிப் படிப்புக்கான தேர்வில் தேறினார். அத்துடன் நிறுத்தவில்லை. கணிதத்தில் பட்டம், பிறகு இயற்பியலில் பட்டம் என்று படித்துக்கொண்டே போய், 1860-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

நடுவில் 1857-இல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்கு ஆராய்ச்சிக்காகப் போனார். அங்கே கடுமையான நோயில் விழுந்து, வேலையை முடிக்காமலே திரும்ப வேண்டியதாயிற்று. வேறு யாராக இருந்தாலும் இனி வெளிநாட்டுப் பயணமே வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார்கள். ஜான்செனோ அடுத்த பயணம் எப்போது என்று காத்திருந்தார்.

ஒளியில் ஒரு கையெழுத்து

அந்தக் காலத்தில்தான் அறிவியல் உலகில் ஓர் அதிசயக் கருவி வந்தது. அதுதான் நிறமாலைக் காட்டி. முக்கோணக் கண்ணாடி வழியே வெயில் பாய்ந்தால் வானவில் நிறங்கள் தெரியும் அல்லவா? அந்த நிறப் பட்டையைத் துல்லியமாகக் காட்டும் கருவி இது.

சூடான வாயு ஒன்று ஒளிரும்போது, அதன் நிறப் பட்டையில் சில இடங்களில் மட்டும் பளிச்சென்று கோடுகள் தெரியும். ஹைட்ரஜனுக்கு ஒரு மாதிரி, சோடியத்துக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு பொருளும் ஒளியில் தன் கையெழுத்தைப் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சூரியன் எதனால் ஆனது என்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்!

இந்தக் கருவியைக் கையாள்வதில் ஜான்சென் கெட்டிக்காரர். ஆனால் ஒரு சிக்கல். சூரியனின் விளிம்பில் செந்நிறத் தீப்பிழம்புகள் எழும். அவற்றுக்கும் வெளியே வெள்ளி நிறத்தில் ஓர் ஒளி பரவியிருக்கும். அதற்குக் கொரோனா என்று பெயர். (கொரோனா என்றதும் வைரஸ் நினைவுக்கு வருகிறதா? இரண்டுக்கும் ஒரே பெயர்தான். கொரோனா என்றால் கிரீடம். உருவம் கிரீடம் போல இருப்பதால் அந்த வைரஸுக்கும் அதே பெயர் வந்தது.) பிழம்புகளும் கொரோனாவும் மற்ற நாட்களில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சூரியனின் கண் கூசும் வெளிச்சம் அவற்றை மறைத்துவிடுகிறது. நிலா வந்து சூரியனை முழுசாக மறைக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் அவை வெளியே வரும்.

சூரியன் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது. அதே போல நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் வானத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிகின்றன. நிலாவால் சூரியனை அளந்து வைத்தது போல மூட முடிகிறது. ஆனால் நிலாவின் கருநிழல் பூமியில் ஒரு குறுகலான பாதையில் மட்டுமே விழும். நீங்கள் ஒரே ஊரில் உட்கார்ந்து காத்திருந்தால், முழு கிரகணம் சராசரியாக 300, 400 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே, பார்க்க வேண்டும் என்றால் நிழல் விழும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். ஜான்சென் போனார்.

குண்டூரில் ஒரு காலை

1868 ஆகஸ்ட் 18. அன்றைய கிரகணப் பாதை இந்தியாவின் குறுக்கே சென்றது. ஜான்சென் கப்பலேறி வந்து, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் முகாமிட்டார். இன்று அது ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் மழைக்காலம். மேகம் வந்தால் எல்லாம் வீண்!

நல்ல வேளை, வானம் வழி விட்டது. காலையில் நிலா சூரியனை முழுசாக மூடியது. ஐந்து நிமிடத்துக்கும் மேலாக இருள். ஜான்சென் தம் கருவியைச் செந்நிறப் பிழம்புகளின் பக்கம் திருப்பினார். பளீரென்று ஒளிக்கோடுகள்! அவற்றில் ஹைட்ரஜனின் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது. பிழம்புகள் என்பவை கொதிக்கும் வாயு என்பது உறுதியாயிற்று.

மற்றவர்களாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். ஜான்செனுக்கோ ஒரு யோசனை. கோடுகள் இவ்வளவு பிரகாசமாக இருக்கின்றனவே, கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்க முடியாதா?

அவர் யோசித்த வழி இதுதான். ஒரு குடம் தண்ணீரை முற்றம் முழுவதும் கொட்டினால் தரை சற்று ஈரமாகும், அவ்வளவுதான். அதே தண்ணீரை ஒரு சிறு வாய்க்காலில் விட்டால் பாய்ந்து ஓடும். நிறமாலைக் காட்டி சூரியனின் கண் கூசும் ஒளியை எல்லா நிறங்களிலும் பரப்பி, முற்றத்துத் தண்ணீர் போல மங்கலாக்கிவிடும். பிழம்பின் ஒளியோ சில கோடுகளுக்குள் மட்டும் ஓடுவதால் வாய்க்கால் தண்ணீர் போல வலுவாகவே நிற்கும். ஆகவே அது தெரியத்தான் வேண்டும்!

மறுநாள் காலை, கிரகணம் எதுவும் இல்லாத சாதாரண வெயிலில், கருவியைச் சூரியனின் விளிம்புக்குத் திருப்பினார். கோடுகள் தெரிந்தன! அதுவரை சில நிமிடங்களே கிடைத்த காட்சி இனி எந்த நாளும் கிடைக்கும். இரண்டு வாரங்களுக்கும் மேலாக அங்கேயே இருந்து பிழம்புகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

கண்டுபிடிப்பைக் கடிதமாக எழுதி பாரிஸுக்கு அனுப்பினார். அந்தக் கடிதம் போய்ச் சேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அதற்குள் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் என்ற அறிஞரும், இந்தியாவுக்கு வராமலே, தனியாக அதே வழியைக் கண்டுபிடித்துவிட்டார். இருவருடைய செய்திகளும் 1868 அக்டோபர் 26-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் ஒரே கூட்டத்தில் அறிவிக்கப்பட்டன!

யார் முதல் என்று இருவரும் சண்டை போட்டிருக்கலாம் அல்லவா? போடவில்லை. கடைசி வரை நண்பர்களாகவே இருந்தார்கள். பிரான்ஸ் அரசு ஒரு பதக்கம் வெளியிட்டது. அந்த ஒரே பதக்கத்தில் இருவருடைய முகங்களையும் அருகருகே பொறித்தது.

சூரியப் பிழம்பின் ஒளியில் அந்த ஆண்டு ஒரு மஞ்சள் கோடும் தெரிந்தது. அது பூமியில் அறிந்த எந்தப் பொருளின் கையெழுத்தும் இல்லை என்று லாக்கியர் கண்டறிந்தார். கிரேக்க மொழியில் சூரியனுக்கு ஹீலியோஸ் என்று பெயர். அதிலிருந்து அந்தப் புதிய பொருளுக்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. 1895-இல்தான் வில்லியம் ராம்சே அதைப் பூமியில் கண்டுபிடித்தார். பிறந்தநாள் விழாவில் மேலே மேலே போகும் பலூனில் நிரப்புகிறார்களே, அதே ஹீலியம்தான்!

பலூனில் ஏறிய விஞ்ஞானி

பிழம்புகளின் மர்மம் விலகியது. கொரோனாவோ ஜான்செனின் புது வழிக்கும் பிடி கொடுக்கவில்லை. அதன் ஒளி மிகவும் மங்கலானது. அந்த ஒளிவட்டம் உண்மையிலேயே சூரியனைச் சேர்ந்ததா, நம் பூமியின் காற்று செய்யும் மாயமா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். விடை வேண்டுமானால் இன்னொரு முழு கிரகணம் வேண்டும்.

அடுத்த கிரகணம் 1870 டிசம்பர் 22. அதன் பாதை வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவின் ஓரான் நகரம் வழியாகப் போனது. பாரிஸிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் ஒரு பெரிய தடை வந்தது. அது போர்!

பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை மூண்டிருந்தது. செப்டம்பர் மாதம் முதல் பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்து நின்றது. உள்ளே உணவு குறைந்துகொண்டே வந்தது. யாரும் வெளியே போக முடியாது. இங்கிலாந்து நாட்டு அறிஞர்கள் எதிரிப் படையிடம் பேசி, ஜான்சென் மட்டும் பாதுகாப்பாக வெளியே வர அனுமதி வாங்கித் தர முன்வந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். தம் ஊர் மக்கள் பசியோடு அடைபட்டிருக்கும்போது எதிரியின் தயவில் வெளியேற அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு எப்படிப் போவது? தரையில் வழியில்லை என்றால் வானத்தில் போக வேண்டியதுதான்!

அந்த முற்றுகையின்போது பாரிஸிலிருந்து 60-க்கும் மேற்பட்ட பலூன்கள் கடிதங்களையும் ஆட்களையும் சுமந்து பறந்தன. அது சாதாரண விஷயமில்லை. பலூனைத் திருப்பவோ நிறுத்தவோ முடியாது. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் போகும். சில பலூன்கள் எதிரிகளின் நடுவே இறங்கின. சில கடலில் விழுந்து காணாமல் போயின.

டிசம்பர் 2, காலை 6 மணி. தொலைநோக்கியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு, வோல்டா என்ற பலூனில் ஏறினார் ஜான்சென். துணைக்கு ஒரு மாலுமி மட்டும். குளிர்காலத்து இருட்டில் பலூன் எழுந்தது. எதிரிப் படைகளின் தலைக்கு மேலாகப் பறந்தது. காற்று மேற்கு நோக்கி வேகமாக அடித்தது. அந்தத் திசையில் இருப்பது அட்லாண்டிக் பெருங்கடல்! கடல் நெருங்குவதற்குள் இறங்கியாக வேண்டும். சுமார் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு, கடற்கரைக்கு அருகே சாவனே என்ற ஊர்ப் பக்கம் பலூனை இறக்கிவிட்டார்கள். கருவிகளும் தப்பின, ஆட்களும் தப்பினார்கள்.

அங்கிருந்து தரை வழியாகவும் கப்பலிலும் பயணம் செய்து ஓரான் போய்ச் சேர்ந்தார். கருவிகளைப் பூட்டி, சரிபார்த்து, தயாராக நின்றார். டிசம்பர் 22 வந்தது.

கூடவே மேகமும் வந்தது.

உயிரைப் பணயம் வைத்துப் பறந்து வந்தவரின் தலைக்கு மேலே, சூரியன் இருந்த இடத்தை மேகம் மூடிவிட்டது. இருட்டு வந்தது. இருட்டு போனது. கொரோனாவை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் மட்டுமா? இங்கிலாந்திலிருந்து ஓரானுக்கு வந்திருந்த அறிஞர்களும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் குட்டீஸ். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நீலகிரியில் கிடைத்த விடை

ஜான்சென் நாட்காட்டியைப் பார்த்தார். அடுத்த முழு கிரகணம் 1871 டிசம்பர் 12. பாதை எங்கே தெரியுமா? கேரளக் கரை, நீலகிரி, இலங்கையின் யாழ்ப்பாணம், திரிகோணமலை வழியாக. மீண்டும் கப்பலேறினார்!

இந்த முறை இடம் தேடுவதில் அதிகக் கவனம் எடுத்துக்கொண்டார். மேகத்தை நம்மால் விரட்ட முடியாது. மேகம் குறைவாக இருக்கும் இடத்தைத் தேடலாம் அல்லவா? கடற்கரையின் ஈரக் காற்று வேண்டாம், மலை உச்சியின் தெளிந்த காற்றுதான் வேண்டும் என்று முடிவு செய்தார். ஊட்டிக்கு அருகே உள்ள சோலூரைத் தேர்ந்தெடுத்தார். மங்கலான கொரோனாவின் ஒளியை அதிகமாகச் சேர்த்துக் காட்டும்படி தனியாக ஒரு தொலைநோக்கியும் கொண்டுவந்திருந்தார். அவருடைய நண்பர் லாக்கியரும் அதே கிரகணத்துக்காகக் கேரளத்தின் பேக்கல் கோட்டைக்கு வந்திருந்தார்.

டிசம்பர் 12, காலை. வெயில் மெல்ல மெல்ல மங்கியது. நிழல்கள் கூர்மையாயின. காற்று சில்லிட்டது. சட்டென்று இருள்! நீல மலைகளுக்கு மேலே கருப்பு வட்டம் ஒன்று நின்றது. அதைச் சுற்றி வெள்ளிக் கிரீடம் விரிந்தது.

கிடைத்தது ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஜான்சென் ஒரு நொடியையும் வீணாக்கவில்லை. கொரோனாவின் ஒளியில் ஹைட்ரஜனின் கோடுகளைக் கண்டார். அதோடு, சாதாரண சூரிய ஒளியில் தெரியும் கருங்கோடுகளும் மங்கலாகத் தெரிந்தன. அதாவது, அங்கே ஒளிரும் வாயுவும் இருக்கிறது, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருளும் இருக்கிறது. கொரோனா நம் கண்ணையோ காற்றையோ சேர்ந்த மாயமல்ல, அது சூரியனைச் சூழ்ந்திருக்கும் உண்மையான பொருள்தான் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. ஓரானில் மேகம் பறித்துக்கொண்ட விடையை நம் சோலூர் வானம் கொடுத்தது!

81 வயதிலும் பயணம்

அதோடு ஓய்ந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க ஜப்பானுக்குப் போனார். அதற்காக 72 நொடியில் 48 படங்களை வரிசையாக எடுக்கும் ஒரு கருவியை உருவாக்கியிருந்தார். சினிமா கேமராவுக்கு அதுவும் ஒரு முன்னோடி! 1875-இல் கிரகணத்துக்காக சயாம் நாட்டுக்குப் போனார். அதுதான் இன்றைய தாய்லாந்து. 1883-இல் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு சின்னத் தீவுக்குப் போனார். பாரிஸுக்கு அருகே மூடோன் என்ற இடத்தில் சூரியனை ஆராய ஓர் ஆய்வகத்தை அமைத்து, அதற்குத் தலைவராக இருந்தார்.

ஐரோப்பாவில் மோன் பிளாங் என்ற பனிமலை இருக்கிறது. உயரம் 4,800 மீட்டருக்கும் மேல். மெல்லிய காற்றில் சூரியனைப் பார்க்க ஆசைப்பட்டார் ஜான்சென். கால் நடக்காது, வயதோ 66. என்ன செய்தார்? பனியில் சறுக்கும் வண்டியில் அவர் உட்கார, மலை வழிகாட்டிகள் இழுத்துக்கொண்டு ஏறினார்கள்! பிறகு 1893-இல் அந்த உச்சியிலேயே ஓர் ஆய்வகம் கட்டவைத்தார்.

1905-இல் ஸ்பெயினில் முழு கிரகணம். அதைப் பார்க்கவும் போனார். அப்போது அவருக்கு வயது 81! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1907 டிசம்பர் 23-ஆம் தேதி மூடோனில் காலமானார்.

கிரகணம் இல்லாமல் சூரியனை ஆராய வேண்டும் என்ற அவருடைய ஆசை அவரோடு முடியவில்லை. அவர் அமைத்த மூடோன் ஆய்வகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் லியோ என்பவர், 1930-இல் தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு சிறு தட்டை வைத்துச் சூரியனை மறைத்தார். செயற்கைக் கிரகணம்! கொரோனாவைச் சாதாரண நாளில் பார்க்க வழி பிறந்தது. நம் நாடு 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய ஆதித்யா-எல்1 விண்கலத்திலும் அப்படி ஒரு கருவி இருக்கிறது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரம் போய், கொரோனாவை ஆராய்வதற்காகவே பெங்களூரில் செய்த கருவி அது.

நிலாவில் உள்ள ஒரு பெரிய பள்ளத்துக்கு ஜான்சென் என்று பெயர். சூரியனை மறைத்து அவருக்கு வழிகாட்டிய அதே நிலாவில்! இன்னொரு செய்தி. 2027 ஆகஸ்ட் 2-ஆம் தேதி முழு கிரகணத்தின் பாதை ஓரான் நகரத்தின் வழியாகவே போகிறது. அன்று மேகம் வருமா, வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. நிழல் எந்த நிமிடம் வரும் என்பதை மட்டும் கணக்கு சொல்லிவிடும்.

கணக்கு நம் கையில். மேகம் நம் கையில் இல்லை. ஓரானில் மேகம் வந்ததற்காக ஜான்சென் சோலூருக்கு வராமல் இருந்துவிடவில்லை. நீங்கள் விழுந்து விழுந்து படித்த கேள்வி தேர்வில் வராமல் போகலாம். விளையாட்டுப் போட்டி அன்று மழை பெய்யலாம். அப்போது ஊட்டிக்குப் பக்கத்து மலையில் தொலைநோக்கியோடு காத்திருந்த அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள் குட்டீஸ்!

கண் பத்திரம்!

கிரகணத்தின்போது வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் பாதுகாப்பு அல்ல. கிரகணம் பார்ப்பதற்கென்றே தரச் சான்றுடன் விற்கும் கண்ணாடியை மட்டும், அதுவும் பெரியவர்கள் துணையோடு பயன்படுத்துங்கள். இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. ஓர் அட்டையில் குண்டூசியால் சின்னத் துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் வெளிச்சத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். கடித்த அப்பளம் போலச் சூரியன் அந்தத் தாளில் தெரியும்!